ஆறும் கழியும் கடலும் நமக்கு எட்டாதவையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

கல்விச் சுற்றுலா என்னும் தொடரில் கல்வி முதலில் வருகிறது. நடைமுறையிலோ, நாம் பேருந்தில் ஏறும்போதே அது இறங்கிவிடுகிறது. பாட்டு, ஆட்டம், மலைநகரில் ஒரு பூங்கா, பூங்காவின் முன் ஒரு குழுப் புகைப்படம், திரும்பும் வழியில் ஒரு பலகாரப் பொட்டலம் – இவ்வளவில் சுற்றுலா முடிந்துவிடுகிறது. இதைக் குறை கூற நான் எழுதவில்லை. இருபது வயதில் பாடாதவர் பின் எப்போது பாடப்போகிறார்? ஆயினும் ஒரு வினா என் நெஞ்சில் நெடுநாளாக நிற்கிறது. 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கடற்கரை நம் மாநிலத்துக்கு உண்டு. காவிரியும் தாமிரபரணியும் ஓடும் நாடு இது. இங்கே நீரின் மேல் ஒரு நாளைக் கழிக்கும் சுற்றுலாவை மட்டும் நாம் ஏன் அஞ்சி ஒதுக்குகிறோம்?

வெப்ப மண்டல நாடுகள் பலவற்றில் இத்தகைய சுற்றுலா இன்று பெரும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஆயுங் ஆற்றின் விரைவுநீரில் இரப்பர்த் தெப்பம் விடுகிறார்கள். நடு அமெரிக்காவின் கோஸ்டா ரிகாவில் பக்குவாரே ஆறு அதற்குப் பெயர் பெற்றது. அந்நாட்டின் கரீபியக் கடற்கரையில் கவுயிட்டா தேசியப் பூங்காவில் பவளப்பாறைகளின் மேல் மிதந்தபடி மீன்களைப் பார்க்கிறார்கள். ஆற்றில் தெப்பம், அமைதியான நீரில் படகு, கடலில் முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீந்தும் 'ஸ்நார்க்கலிங்' – இம்மூன்றையும் சேர்த்து ஒரே நாளில் காட்டுவதாக விளம்பரங்கள் கூவுகின்றன.

நண்பர்களே! இம்மூன்று நீரும் நம்மிடமும் உண்டு. அவற்றைக் காண விமானம் ஏற வேண்டியதில்லை. அரசுப் பேருந்து போதும்.

முதலில் ஆற்றை எடுத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு விழுகிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. விழும் நீரின் சாரல் புகைபோல் எழுவதால் வந்த பெயர் அது. அங்கே ஓடும் பரிசலைச் சற்று நின்று பாருங்கள். மூங்கிலைக் கூடைபோல் முடைந்து, அடியில் முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் நெகிழித் தாளும் போர்த்திய வட்டக் கலம் அது. வட்டமாக இருப்பதால் அதற்கு முன் என்றும் பின் என்றும் இல்லை. பாறை இடுக்கில் எப்பக்கம் திரும்பினாலும் அதுவே முன்பக்கம். அடி அகன்றிருப்பதால் பாரம் பரவி, அது நீரில் சிறிதளவே அமிழ்கிறது. ஆகவே ஆழமில்லாத பாறைமேட்டின் மீதும் தட்டாமல் செல்கிறது. ஆர்க்கிமிடீசு தத்துவத்தை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். பரிசல்காரர் அதை ஒற்றைத் துடுப்பால் நாள்தோறும் நடத்திக் காட்டுகிறார்.

வெளிநாட்டு இரப்பர்த் தெப்பத்தின் தத்துவமும் இதற்கு அயலானதன்று. அதனுள் காற்று பல தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டிருக்கும். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். ஆற்றின் விரைவுநீரை 1 முதல் 6 வரை தரம் பிரித்து, எந்தத் தரத்தில் யார் இறங்கலாம் என்று உலகெங்கும் வரையறை செய்திருக்கிறார்கள். நம் ஒகேனக்கல்லிலும் அளவுகோல் இல்லாமலில்லை. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் வரத்தை அளக்கிறது. வரத்து மிகுந்தால் மாவட்ட நிருவாகம் பரிசலுக்குத் தடை விதிக்கிறது. அன்று பரிசல்காரர் வீட்டில் வருமானம் இல்லை. நம் உயிருக்காக அவர் வயிறு காய்கிறது என்பதைச் சுற்றுலாப் பயணி எண்ணிப் பார்ப்பதுண்டா?

அடுத்தது கழி. சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் இருக்கிறது. 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தால் நம் பெற்றோர் காலத்திலேயே இவ்விடம் பெயர் பெற்றுவிட்டது. 2022இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தில்லை மரமும் இத்தகைய உப்பங்கழிக் காட்டு மரமே; சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் அம்மரத்தால் வந்தது. ஆக, ஒரு பெருங்கோயில் நகரமே ஒரு சதுப்பு மரத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது!

துடுப்புப் படகு மட்டுமே நுழையக்கூடிய குறுகிய கால்வாய்களில் செல்லும்போது, எங்கள் பாடநூலில் கறுப்பு வெள்ளைப் படமாகக் கிடந்தவை யாவும் உயிர்பெற்று எழும். வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல்கள்போல் மேல்நோக்கி நிற்கும். காற்றில்லாச் சேற்றில் வேர் மூச்சுவிடும் வழி அது. சுரபுன்னையின் தாங்கு வேர்கள் நண்டின் கால்களைப்போல் வளைந்து நீரில் ஊன்றியிருக்கும். அம்மரத்தின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு, பின்னரே நீரில் விழும். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் இவ்வேர்களின் நடுவே வளர்ந்து பின் கடலுக்குப் போகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இக்காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்கள், மறைவின்றிக் கடலை நோக்கி நின்ற ஊர்களைவிடக் குறைவான அழிவோடு தப்பின. கழிநீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்கள் அங்கே உண்டு. எந்த ஆய்வுக்கூடம் இத்தனைப் பாடத்தை அரை நாளில் நடத்த முடியும்?

மூன்றாவது கடல். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்தன; அவற்றுள் இரண்டு கடலுள் மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளம் என்பது கல்லன்று, செடியுமன்று, அது விலங்கு. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலால் உணவு ஆக்கிக் கொடுக்கிறது. கடல்நீர் அளவு மீறிச் சூடேறினால் பவளம் அப்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு நீடித்தால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நாமே அவற்றை வெட்டி எடுத்தோம். 2001இல் பவளம் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

முகமூடி அணிந்து பார்த்தால் மட்டும் கடலடி தெளிவாகத் தெரிவது ஏன் என்பதும் ஓர் அறிவியல் பாடமே. நம் கருவிழியின் ஒளிவிலகல் எண்ணும் நீரின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ ஒன்று. கண்ணை நீர் தொட்டால் ஒளி போதிய அளவு வளைவதில்லை, எல்லாம் மங்கலாகிவிடும். முகமூடிக்குள் இருக்கும் சிறிது காற்றே கண்ணுக்குப் பார்வையைத் திருப்பித் தருகிறது. மூச்சுக்குழல் குட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை இறுக்கும். நீண்ட குழலில் நாம் விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும்.

இந்த முகமூடியும் மூச்சுக்குழலும் வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வேன். தூத்துக்குடியில் முத்துக்குளித்த மரபு நூல்களெல்லாம் போற்றிய மரபு. 1961ஆம் ஆண்டோடு அங்கே முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. இராமநாதபுரக் கடற்கரையில் பெண்கள் இன்றும் பாசி எடுக்க மூழ்குகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் தகடு, இடுப்பில் பை – இவ்வளவே அவர்கள் கருவி. மூச்சை அடக்கி, பாறையில் கை கிழிய, அவர்கள் பறித்து வரும் பாசியிலிருந்துதான் நம் ஆய்வுக்கூடத் தட்டுகளில் உறையும் 'அகார்' பிறக்கிறது. நம் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காக மூழ்கும் கடலில், நம் மாணவியர் அறிவுக்காக முகம் பதித்துப் பார்ப்பது கூடாதா?

இங்கே எதிர்ப்புக் குரல் எழும் என்பதை அறிவேன். "நீரில் கண்டம்" என்பார்கள். இதைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 டிசம்பரில் பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரியில் வதோதரா நகரின் ஹர்னி ஏரியில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவரும் 2 ஆசிரியரும். இவற்றைப் படிக்கும்போது எந்தத் தாய்தான் பிள்ளையைப் படகில் ஏற விடுவாள்?

ஆனால் இவ்விபத்துகளைக் கூர்ந்து பாருங்கள். இவை பொங்கி வந்த வெள்ளத்தாலோ பெரும் புயலாலோ நேர்ந்தவை அல்ல. படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும், மிதவை அங்கி அணியாததும், காட்சியைக் காண எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததும், பொழுது சாய்ந்த பின்னும் படகை விட்டதும் போன்ற காரணங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை அனைத்தும் மனிதன் தடுக்கக்கூடியவை. சாலை விபத்து நடக்கிறது என்பதற்காக நாம் பேருந்துப் பயணத்தை நிறுத்திவிடவில்லையே! நீருக்கு மட்டும் ஏன் தனி நீதி?

இன்னொரு காரணத்தை நாம் பேசுவதே இல்லை. நமக்கு நீந்தத் தெரியாது. நம் நாட்டில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி மாள்வோர் 30,000க்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. இவர்களில் மிகப் பலர் சுற்றுலாப் படகில் போனவர்கள் அல்லர். குளத்தில் குளிக்கவும், கிணற்றில் நீர் இறைக்கவும், ஆற்றைக் கடக்கவும் போனவர்கள். நீரை விட்டு விலகி இருப்பதால் நாம் காக்கப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எங்கள் ஊர்ப் பக்கம் முன்பெல்லாம் பிள்ளைகள் வயல் கிணற்றில் நீச்சல் கற்றார்கள். முதுகில் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டால் ஒரு வாரத்தில் குடுக்கை வேண்டாம் என்பார்கள். என் தந்தை எனக்கு அப்படித்தான் கற்றுத் தந்தார். அவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. பள்ளிக்கூடம் அவருக்குக் கற்றுத் தராததை எனக்குக் கல்லூரி கற்றுத் தரட்டும் என்று அனுப்பியவர். பன்னிரண்டு வயதில் பெரியவளானதும் வீட்டுப் பெரியவர்கள் என் நீச்சலை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் கிணறே வற்றிவிட்டது. இப்போது அவ்வயலில் ஆழ்துளைக் குழாய் ஒன்று நிற்கிறது. ஆறங்குலக் குழாயில் யார் நீந்துவது? கிணறு போனதோடு ஊரின் நீச்சல் பள்ளியும் போயிற்று. என் தம்பிக்கு நீந்தத் தெரியாது. அவன் வயதுப் பிள்ளைகள் எவர்க்கும் தெரியாது. அவர்கள்தாம் நாளை விடுமுறையில் அணைக்கட்டுக்கும் அருவிக்கும் போகப்போகிறவர்கள்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். ஆற்றங்கரைக்குச் சென்ற ஒரு சுற்றுலாவில், மாணவர் பரிசலில் போகலாம், மாணவியர் கரையில் இருக்கலாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தோர் எங்கள் நலம் நாடியே செய்தனர்; அவர்கள் அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் மிதவை அங்கிக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு தெரியுமா? நீர் ஆளைப் பார்த்து ஆழம் காட்டுமா? கரையில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் விலங்கியல் படிக்கிறோம். ஆற்று மீனைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். அந்த ஆற்றில் இறங்க மட்டும் தகுதியில்லை என்றால் அந்தப் பத்து மதிப்பெண் எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; கிணற்றில் மிதக்கவும் அது உதவாது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சுற்றுலாக் கட்டணம் என்ற பேச்சு வந்ததும் "எனக்கு விருப்பமில்லை" என்று கூறி ஒதுங்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அந்த விருப்பமின்மையின் உண்மைப் பெயர் என்ன என்பது பக்கத்தில் அமர்ந்திருக்கும் நமக்குத் தெரியும். ஆகவே தொலைதூர மாநிலத்துக்குப் போகும் மூன்று நாள் சுற்றுலாவைவிட, பக்கத்து மாவட்டத்து நீர்நிலைக்குச் சென்று இரவுக்குள் வீடு திரும்பும் ஒரு நாள் பயணமே அரசுக் கல்லூரிக்கு ஏற்றது. விடுதிச் செலவில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் மாணவரும் ஒரு நாளை ஒதுக்க முடியும்.

மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் விளம்பரச் சுற்றுலா நமக்கு வேண்டாம் என்பதும் என் கருத்து. ஆறும் கடலும் ஒரே பருவத்தில் நமக்கு வசப்படுவதில்லை. கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மகாதாயி ஆற்றில் தெப்பம் விடுவது ஆறு பெருகும் மழைக்காலத்தில். அதே மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும், முகமூடி போட்டும் பயனில்லை. ஆற்றுக்கு வேகம் வேண்டும், கடலுக்குத் தெளிவு வேண்டும். அவசரத்தில் மூன்றைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட, ஆண்டுக்கு ஒரு நீர் என்று வைத்துக்கொண்டால் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் மூன்று நீரையும் முறையாகக் கற்றுவிடலாம். முதலாண்டில் கழி, இரண்டாமாண்டில் ஆறு, நீச்சல் கைவந்த மூன்றாமாண்டில் கடல்!

இதற்கு நான்கு செயல்கள் தேவை.

முதலாவது, நீச்சல். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் பாதை சீரமைக்கிறோம், மரம் நடுகிறோம். அதோடு, மாவட்ட விளையாட்டு அரங்கில் நீச்சல்குளம் உள்ள ஊர்களில் பத்து நாள் நீச்சல் பயிற்சியையும் சேர்க்கலாம். மாணவியர்க்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் இருந்தால் பெற்றோர் மறுக்கமாட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாகக் கடைப்பிடிக்கிறது. கல்லூரி திறந்த சில வாரங்களில் வரும் அந்நாளே தொடக்க விழாவுக்கு உகந்தது.

இரண்டாவது, ஒழுங்கு. படகின் ஆள் அளவைப் படகில் ஏறுமுன் கேட்டறிவது. அங்கியின் வார் ஒவ்வொருவர்க்கும் இறுகியிருக்கிறதா என்று மாணவர் தலைவரே சரிபார்ப்பது. படகில் எழுந்து நின்று புகைப்படம் எடுக்காமல் இருப்பது. படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம். இந்நான்கு விதிக்கும் ஒரு பைசா செலவில்லை.

மூன்றாவது, ஆசான். படகோட்டியும் பாசி எடுக்கும் தாயும் அன்று நமக்கு ஆசிரியர்கள். அவர்களிடம் கூலியில் பேரம் பேசுவது கல்வி கற்றவர்க்கு அழகன்று. அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி வந்து துறை நூலகத்தில் வைத்தால் அடுத்த ஆண்டு மாணவர்க்கு அது பாடநூலாகும். மீனுக்கும் காற்றுக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் நம் அகராதிகளில் கூட இல்லாதவை.

நான்காவது, அடக்கம். பவளத்தின் மேல் கால் ஊன்றினால், பல ஆண்டுகளில் வளர்ந்தது ஒரு நொடியில் முறிந்துவிடும். வெயிலுக்குப் பூசும் சில களிம்புகள்கூடப் பவளத்துக்குத் தீங்கு என்று பலாவு நாடு 2020இல் அவற்றைத் தடை செய்தது. நாம் களிம்பு பூசுவோர் அல்லர். ஆனால் நெகிழிப் பையைக் கழியில் எறிவோர் நம்மில் உண்டு. கையில் கொண்டுபோனதைக் கையிலேயே கொண்டுவர வேண்டும். சிப்பியோ பவளத்துண்டோ நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது.

இவற்றைச் செய்ய வசதியில்லை என்று யாரும் கூற முடியாது. இராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு என்னும் கடலோரச் சிற்றூரில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுப் படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள். வருமானம் ஊருக்கு, காவல் காட்டுக்கு, பாடம் பயணிக்கு. ஒரு சிற்றூரால் முடிந்தது, பேராசிரியர்களும் மாணவர் பேரவையும் உள்ள கல்லூரியால் முடியாதா?

அன்பார்ந்த பேராசிரியப் பெருமக்களே, நீங்கள் எங்களைக் காக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையோம். ஆயின் நீங்கள் உடன் வராத ஒரு நாளில், நீங்கள் அறியாத ஓர் ஆற்றங்கரையில் நாங்கள் நிற்கப்போவது உறுதி. அன்று எங்களைக் காப்பது எங்கள் கைகால் கற்ற நீச்சலும் எங்கள் மனம் கற்ற ஒழுங்குமே. அவற்றை இன்று, உங்கள் கண் முன்னே கற்றுத் தாருங்கள். அடுத்த கல்வியாண்டின் சுற்றுலாப் பட்டியலில் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு கழியையாவது எழுதுங்கள். மாணவியர் பெயரையும் அப்படகின் பட்டியலில் சேர்த்தே எழுதுங்கள்.